மீண்டோர் கையில் எஞ்சியவை



இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜி ஜெர்மனி நடத்திய வதைமுகாம்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எண்களே முந்திக்கொள்கின்றன. கொல்லப்பட்ட யூதர் ஏறத்தாழ 60 இலட்சம். போலந்து மண்ணில் அமைந்த ஆஷ்விட்ஸ் முகாமில் மட்டும் உயிரிழந்தோர் ஏறத்தாழ 11 இலட்சம். அவருள் மிகப் பெரும்பாலோர் யூதர். போலந்து நாட்டவர், ரோமா இனத்தவர், சோவியத் போர்க் கைதிகள் ஆகியோரும் உளர். இவ்வெண்கள் மெய்யானவையே. ஆயினும் இலட்சங்களை எண்ணி எவருடைய கண்ணும் கலங்குவதில்லை. ஒருவரை எண்ணியே கலங்குகிறது. ஆதலால் இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது, உள்ளங்கையில் அடங்கக்கூடியது. அம்முகாம்களிலிருந்து உயிருடன் மீண்டோர் தம்மோடு காத்துக் கொண்டுவந்த உடைமைகளைப் பற்றியது இவ்வுரை.

முகாமுக்கு அனுப்பப்பட்டோர் வெறுங்கையுடன் புறப்பட்டவரல்லர். வேறோர் இடத்தில் குடியமர்த்தப்போவதாகச் சொல்லப்பட்டதை நம்பி, அனுமதிக்கப்பட்ட அளவுக்குப் பொருள்களைக் கட்டி, பெட்டியின்மேல் தம் பெயரையும் எழுதி எடுத்துச் சென்றனர். இரயில் மேடையில் இறங்கிய அக்கணமே பெட்டிகள் பறிக்கப்பட்டன. வந்தோருள் மிகுதியானவர் அன்றே நச்சுவாயுக் கூடத்துக்கு அனுப்பப்பட்டனர். உழைக்கத் தக்கவர் எனப் பிரிக்கப்பட்டோரிடமிருந்து உடுத்த உடை, மணமோதிரம், குடும்பத்தின் புகைப்படம், தலைமயிர் வரை எல்லாம் எடுக்கப்பட்டன. ஆஷ்விட்ஸில் பெயரும் எடுக்கப்பட்டு, முன்கையில் ஓர் எண் பச்சை குத்தப்பட்டது.

பறித்த பொருள்கள் குவிந்து கிடந்த கிடங்குகளுக்குக் கைதிகள் இட்ட பெயர் ‘கனடா’. அவர்கள் கற்பனையில் கனடா என்பது செல்வம் கொழிக்கும் தொலைதூர நாடு. அக்குவியலில் எஞ்சியவை இன்று ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன: ஏறத்தாழ 110,000 காலணிகள், ஏறத்தாழ 3,800 பெட்டிகள், 12,000-க்கும் மேற்பட்ட சமையற் பாத்திரங்கள். பெட்டிகளில் 2,100 அளவிலானவற்றில் உரியவர் பெயர் இன்றும் காணப்படுகிறது. காலணிக் குவியலைவிடப் பாத்திரங்களே காண்போர் நெஞ்சை மிகுதியும் வருத்தத் தக்கவை. சாகப்போவதை அறிந்தவர் குழம்பு வைக்கும் பாத்திரத்தைச் சுமந்து செல்வதில்லை.

இக்குவியல்கள் மாண்டோருடையவை. மீண்டோர் காத்துவந்த பொருள்கள் வேறு வகையானவை. அவற்றின் மதிப்பை அறிய, முகாமில் ஒரு பொருளை வைத்திருத்தல் என்பதன் பொருள் முதலில் விளங்க வேண்டும். விரும்பித் துறந்தவருக்கு உடைமையின்மை விடுதலை. அதே உடைமையின்மை பிறரால் உரித்தெடுக்கப்பட்டவர்மீது சுமத்தப்படும்போது அது தண்டனை. அவரை மனிதர் என்ற எண்ணிக்கையிலிருந்து நீக்குவதற்கான முதற்படி. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல் ஆகாது.

இத்தாலிய வேதியியல் அறிஞரும் எழுத்தாளருமான ப்ரீமோ லெவி 1944-ல் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டு உயிர் மீண்டவர். 1986-ல் வெளிவந்த தம் நூலொன்றில் அவர் ஒரு கரண்டியைப் பற்றி எழுதுகிறார். முகாமில் புதிதாக வந்த கைதிக்குக் கரண்டி கொடுக்கப்படுவதில்லை. நாள்தோறும் ஊற்றப்படும் நீர்த்த கஞ்சியை நாய் நக்குவதைப்போல நக்கியே உண்ண வேண்டும். கரண்டி வேண்டுமெனில் தனக்குக் கிடைக்கும் ரொட்டியிலிருந்து விலை கொடுத்துக் கைதிகளின் கள்ளச் சந்தையில் வாங்க வேண்டும். பட்டினியால் சாகின்றவன் ரொட்டியைக் கொடுத்துக் கரண்டி வாங்குவதா என்று கேட்கலாம், வாங்கினார்கள். முகாம் விடுவிக்கப்பட்டபோது கிடங்கில் ஆயிரக்கணக்கான புதிய கரண்டிகள் கிடந்தன. கைதிகளின் பெட்டிகளிலிருந்து எடுத்த அலுமினியக் கரண்டிகளும் வெள்ளிக் கரண்டிகளும் பல்லாயிரம் இருந்தன. கரண்டி மறுக்கப்பட்டது தட்டுப்பாட்டாலோ சிக்கனத்தாலோ அன்று, இழிவுபடுத்தும் நோக்கத்தாலேயே என்பது லெவி கண்ட முடிவு. இதை அறிந்தபின், முகாமிலிருந்து மீண்ட ஒருவர் வளைந்து தேய்ந்த ஒரு தகரக் கரண்டியை ஐம்பது ஆண்டுகள் மேசை அறைக்குள் வைத்திருந்தார் எனக் கேட்டால் வியப்புத் தோன்றாது.

வாங்கிய பொருளைவிட, ஒருவர் மற்றவருக்காக ஆக்கிய பொருள் அரியது. கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத்தில் இதய வடிவிலான சிறிய வாழ்த்து அட்டை ஒன்று உள்ளது. 1944 டிசம்பர் 12-ஆம் நாள், ஆஷ்விட்ஸ் முகாமில் ஃபானியா என்னும் இளம்பெண்ணின் இருபதாவது பிறந்தநாளுக்காக அது செய்யப்பட்டது. முகாமை ஒட்டியிருந்த ‘யூனியன்’ வெடிப்பொருள் தொழிற்சாலையில் அவரும் தோழியரும் அடிமை உழைப்பாளராக இருந்தனர். அட்டையைச் செய்தவர் ஸ்லாட்கா என்னும் தோழி. காகிதம் வைத்திருப்பதே குற்றமாயிருந்த இடம் அது. ரொட்டியை நீரில் குழைத்துப் பசை ஆக்கினார். சீருடையின் உள்ளே அணிந்திருந்த ஊதா நிறச் சட்டையின் துணியை எடுத்து மேலுறை அமைத்தார். அதன்மேல் ஆரஞ்சு நிற நூலால் தோழி பெயரின் முதலெழுத்தைத் தைத்தார். ஏறத்தாழ இருபது பெண்கள் போலிஷ், ஜெர்மன், பிரெஞ்சு, எபிரேயம் எனத் தத்தம் மொழிகளில் வாழ்த்தெழுதிக் கையொப்பமிட்டனர். விடுதலையே அவர்கள் வாழ்த்தின் சாரமாயிருந்தது.

அந்நாளின் சூழலையும் எண்ண வேண்டும. இதே தொழிற்சாலையிலிருந்து பெண்கள் சிறிது சிறிதாகக் கடத்திய வெடிமருந்தைக் கொண்டுதான் 1944 அக்டோபர் 7 அன்று முகாமின் பிணமெரி கூடத்தில் கைதிகள் கிளர்ச்சி செய்தனர். அதன்பின் விசாரணையும் சித்திரவதையும் நடந்தன. 1945 ஜனவரி 6 அன்று நான்கு பெண்கள் தூக்கிலிடப்பட்டனர். இவ்விரு நாள்களுக்கும் இடையே, ஒவ்வொரு பெண்ணும் சோதனைக்கு அஞ்சி வாழ்ந்த வாரங்களில், பிறந்தநாள் அட்டை ஒன்று கையிலிருந்து கைக்கு மாறிக் கையொப்பம் பெற்றுக்கொண்டிருந்தது! ரொட்டியை உண்ணாமல் பசையாக்கிய அந்தச் செயலை அறிவுடைமை என்பதா, பேதைமை என்பதா? உடலைக் காக்கும் கணக்கில் அது பேதைமையே. ஆனால் ஃபானியாவுக்கு அன்று இருபது வயது நிறைந்தது என்பதை அந்நிலத்தில் அறிந்திருந்தவர் அத்தோழியர் மட்டுமே. ஆட்சியாளரின் ஏடுகளில் அவர் ஓர் எண்.

அடுத்த மாதம் சோவியத் படை நெருங்கி வரவே, 50,000-க்கும் மேற்பட்ட கைதிகள் கடும் பனியில் மேற்கு நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். பின்தங்கியோர் சுடப்பட்டனர். மரண நடை என்று வரலாறு குறிப்பிடும் அந்நடையில் ஃபானியா அட்டையைத் தம் அக்குளில் இடுக்கி வைத்துக் காத்தார். போருக்குப்பின் கனடாவில் குடியேறி, 1988-ல் அருங்காட்சியகத்துக்கு அதை அளித்தார். ஸ்லாட்காவும் உயிர் மீண்டு ஆர்ஜென்டினாவில் வாழ்ந்தார். அட்டையில் கையொப்பமிட்டோரைத் தேடிச் சென்ற ஆவணப்படம் ஒன்று 2010-ல் வெளிவந்தது.

அட்டை காக்கப்பட்டது. சில பொருள்களோ தம்மை உடையவரைக் காத்தன. போலந்தின் பியெல்ஸ்கோ நகரைச் சேர்ந்த கெர்டா வைஸ்மன் 1942 ஜூன் மாதத்தில் பெற்றோரைப் பிரிந்து உழைப்பு முகாமுக்குச் செல்ல நேர்ந்தபோது, பனிச்சறுக்குக்குரிய கனத்த காலணியை அணிந்து செல்லுமாறு தந்தை வற்புறுத்தினார். கோடையில் இது எதற்கென்று பதினெட்டு வயது மகள் மறுத்துரைத்தும் தந்தை விடவில்லை. பெற்றோரை அவர் மீண்டும் காணவில்லை. இருவரும் ஆஷ்விட்ஸில் மாண்டனர். 1945-ன் குளிர்காலத்தில் பெண் கைதிகள் மாதக்கணக்கில் நடத்திச் செல்லப்பட்டபோது, மெல்லிய செருப்பும் மரக்கட்டைக் காலணியும் அணிந்திருந்தோரின் கால்விரல்கள் உறைந்து முறிந்தன. கெர்டா நடந்தார். குடும்பத்தின் புகைப்படங்களையும் அக்காலணிக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தார். மே மாதத்தில் செக் நாட்டின் வோலரி ஊரில் அமெரிக்கப் படை வந்து சேர்ந்தபோது எஞ்சியிருந்தோர் மிகச் சிலர்; அவருள் கெர்டாவும் ஒருவர். அவரை முதலில் கண்டு பேசிய அமெரிக்கப் படையதிகாரி கர்ட் கிளைன் பின்னாளில் அவர் கணவரானார். 1957-ல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்ட கெர்டா, தாம் உயிர் பிழைத்ததற்குத் தந்தையின் அந்தப் பிடிவாதத்தைக் காரணமாகச் சொல்லி வந்தார்.

கெர்டா பலகாலும் பல மேடைகளில் சொன்னது காலணியைப் பற்றி மட்டுமன்று. முகாமொன்றில் அவருடைய சிறுவயதுத் தோழி இல்சே, வேலைக்குச் செல்லும் வழியில் ஒரே ஒரு ராஸ்பெர்ரிப் பழத்தைக் கண்டெடுத்தார். பசியால் வயிறு ஒட்டியிருந்த நிலையில் பகல் முழுதும் அதைச் சட்டைப் பையில் நசுங்காமல் காத்து, இரவில் ஓர் இலையின்மேல் வைத்துக் கெர்டாவுக்கு அளித்தார். இல்சே விடுதலையைக் காணவில்லை. சில நாள்களே எஞ்சியிருக்க, வழியிலேயே உயிர் நீத்தார். அந்தப் பழம் எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை, இருக்கவும் இயலாது. ஆயினும் இவ்வுரையில் கூறப்படும் உடைமைகளின் வரிசையில் அதற்கும் இடமுண்டு.

மற்றொரு பொருள் உணவைப் பற்றியதே. ஆனால் உண்ண முடியாதது. செக் நாட்டிலிருந்த தெரேசின் முகாமுக்கு ஏறத்தாழ 140,000 யூதர் அனுப்பப்பட்டனர். அவருள் ஏறத்தாழ 33,000 பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே இறந்தனர். அங்கிருந்த பெண்கள் மாலை வேளைகளில் பலகைப் படுக்கைகளில் அமர்ந்து சமையலைப் பற்றி வாதிடுவது வழக்கம். எந்தப் பண்டத்தை எப்படிச் செய்வது, எவர் செய்முறை சரியானது என்பதே வாதம். இதை அவர்கள் ‘வாயால் சமைத்தல்’ என்றனர். மீனா பெஹ்டர் என்னும் மூதாட்டியும் தோழியரும் அச்செய்முறைகளைக் கிடைத்த தாள்களில் எழுதிக் கையால் தைத்து ஒரு குறிப்பேடு ஆக்கினர். 1944-ல், யூதர் நோன்பிருந்து மன்னிப்பு வேண்டும் திருநாளான யோம் கிப்பூர் அன்று, மீனா அம்முகாமில் இறந்தார். இறப்பதற்குமுன் அக்குறிப்பேட்டை நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்து, பாலஸ்தீனத்தில் இருந்த தம் மகள் ஆன்னியிடம் சேர்க்குமாறு வேண்டினார்.

நண்பர் உயிர் பிழைத்தார், குறிப்பேட்டையும் காத்தார். முகவரிதான் அவரிடம் இல்லை. கைமாறிக் கைமாறி அது பாலஸ்தீனம் சென்றடைந்தபோது ஆன்னி அமெரிக்காவுக்குப் பெயர்ந்துவிட்டிருந்தார். எழுதியவர் இறந்து கால் நூற்றாண்டு கழிந்தபின், நியூயார்க் நகரில் ஆன்னிக்கு அறிமுகமற்ற ஒருவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. தாய் அனுப்பிய பொதி ஒன்று இருப்பதாக. கையில் கிடைத்த பின்னும் அதைத் திறந்து படிக்கும் துணிவு ஆன்னிக்கு நெடுநாள் உண்டாகவில்லை. 1996-ல் அது நூலாக வெளிவந்தபோது, சில செய்முறைகளில் முதன்மையான சேர்மானமே விடுபட்டிருப்பதைப் படித்தோர் கண்டனர். பசியுற்ற மூளையின் மறதி அது. அவ்வேட்டைப் பார்த்து இனிப்பு செய்ய முயல்வோருக்கு அது சரியாக வராமற் போகலாம். தாயின் கையெழுத்து மகளைச் சேர்வதற்கு அது தடையாகவில்லை.

இப்பொருள்களின் பிற்கால வாழ்வும் எளிதாக அமையவில்லை. மீண்டோருள் பலர் பல்லாண்டுகள் வாய்திறக்கவில்லை. கேட்பாரும் குறைவு, கேட்டாலும் நம்புவாரோ என்னும் ஐயமும் மிகுதி. ஆகவே பொருள்கள் அலமாரியின் ஆழத்தில், துணிகளுக்கு அடியில், கடித உறைகளுக்குள் இருந்தன. வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அங்கே ஏதோ ஒன்று உண்டு, அதைத் தொடக்கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. இவ்வாறு வளர்ந்த பிள்ளைகள், பெற்றோர் மறைந்தபின் அப்பெட்டியைத் திறந்து விளங்காமல் திகைப்பதும் உண்டு. சொல்ல வேண்டியவர் சொல்லாமற் சென்றுவிட்டால் கரண்டி வெறும் கரண்டியே.

அருங்காட்சியகத்துக்கு அளித்துவிட்டால் எல்லாம் நலமாகும் எனக் கருதலாம். அதிலும் தீராத வழக்குகள் உள. செக் நாட்டு ஓவியர் டீனா பாபிட் 1944-ல் ஆஷ்விட்ஸில் கைதியாக இருந்தபோது, மருத்துவன் யோசெஃப் மெங்கலே தன் ஆய்வுக்காக ரோமா கைதிகளின் உருவங்களை வரையுமாறு அவரைப் பணித்தான். தம் தாயின் உயிரையும் காக்க வேண்டும் என்னும் நிபந்தனையின் பேரில் டீனா வரைந்தார், இருவரும் பிழைத்தனர். அவ்வோவியங்களுள் சில தன்னிடம் இருப்பதாக 1973-ல் ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகம் அவருக்குத் தெரிவித்தது. எடுத்துச் செல்லலாம் என்ற எண்ணத்துடன் அவர் அங்கே சென்றார். அருங்காட்சியகம் தர மறுத்தது. அழிக்கப்பட்ட ரோமா மக்களின் முகங்களுக்கு எஞ்சிய அரிய சான்று அவை, முகாம் இருந்த மண்ணிலேயே இருத்தல் வேண்டும் என்பது அதன் நிலை. தம் உயிருக்கும் தாயின் உயிருக்கும் விலையாகத் தம் கையால் வரைந்தவை என்பது டீனாவின் நிலை. 2009-ல் அவர் இறக்கும்வரை ஓவியங்கள் அவரிடம் வரவில்லை. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆயினும் வரைந்த கை உயிரோடிருந்த அந்த முப்பத்தாறு ஆண்டுகளில் ஓர் ஓவியமேனும் அவர் வீட்டுச் சுவரில் தொங்கியிருக்கலாம் என்றே நடுநிலையோடு நோக்குவோர்க்குத் தோன்றும்.

பாரிஸ் நகரில் எழுந்த வழக்கு சற்று நன்றாக முடிந்தது. 2005-ல் அங்கே ஒரு கண்காட்சிக்கு ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகம் இரவலாக அனுப்பிய பெட்டிகளுள் ஒன்றில், மிஷேல் லெவி-லெலூ என்னும் முதியவர் தம் தந்தை பியேர் லெவியின் பெயரையும் முகவரியையும் கண்டார். சிறுவனாயிருந்தபோது பிரிந்த தந்தை. அவர் விட்டுச்சென்றதாக மகன் கண்டது அப்பெட்டி ஒன்றே. பெட்டி மீண்டும் ஒருமுறை ஆஷ்விட்ஸுக்குப் பயணம் செய்யலாகாது என்று கோரி அவர் நீதிமன்றத்தை அணுகினார். 2009-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, நெடுங்கால இரவலாகப் பெட்டி பாரிஸிலேயே தங்கியது.

காலம் இப்போது வழக்குகளையும் முந்திச் செல்கிறது. முகாமில் குழந்தையாய் இருந்தோரும் இன்று எண்பது வயதைக் கடந்தவர். எருசலேமிலுள்ள யாத் வஷேம் நினைவகம் 2011 முதல் வீடுகளில் உள்ள இத்தகைய பொருள்களைத் திரட்டி வருகிறது. அங்கே பொருளை வாங்கி வைப்பதோடு பணி முடிவதில்லை. யாருடையது, எங்கே கிடைத்தது, எவ்வாறு மறைத்து வைக்கப்பட்டது என்பனவற்றைக் கொண்டுவந்தவர் வாய்மொழியாகவே கேட்டு எழுதிக்கொள்கின்றனர். முதியோர் சிலர் பொருளைக் கொடுத்தபின் கையை எடுக்க மனமின்றி நிற்பது இயல்பே.

இதற்கு நேர்மாறான திசையிலும் ஒரு பணி நடைபெறுகிறது. ஜெர்மனியின் பாட் ஆரோல்சன் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்துக்கு 1963-ல், கைதிகளின் உடைமைகள் அடங்கிய ஏறத்தாழ 4,700 உறைகள் வந்து சேர்ந்தன. பெரும்பாலானவை ஹாம்பர்க் நகரை அடுத்த நொய்யங்கம்மே முகாமிலிருந்தும், சில டாக்காவ் முகாமிலிருந்தும் வந்தவை. இவற்றுள் யூதருடையவை மிகக் குறைவு. யூதர் பொருள்கள் உடனடியாகக் கொள்ளையிடப்பட்டன. போலந்து, சோவியத் நாடுகளைச் சேர்ந்த அரசியல் கைதிகளும் கட்டாய உழைப்பாளருமே இவற்றுக்கு உரியோருள் பலர். கொடுமையில் ஒரு விந்தை என்னவெனில், மனிதரைக் கொன்ற அதே அலுவலகம் அவருடைய கைக்கடிகாரத்தைப் பெயரெழுதி, உறையிலிட்டு, ஒழுங்காகப் பாதுகாத்தது.

2016 முதல் அக்காப்பகம் இவ்வுறைகளின் புகைப்படங்களை வெளியிட்டு, தன்னார்வலர் துணையோடு உரிய குடும்பங்களைத் தேடி வருகிறது. ஊர்ப் பதிவேடுகளும் கோயில் ஏடுகளும் கல்லறைக் குறிப்புகளும் புரட்டப்படுகின்றன. பல நூறு குடும்பங்கள் இதுவரை கண்டறியப்பட்டுள்ளன. பெற்றுக்கொள்வோர் பெரும்பாலும் மகனோ, மகளோ, பேரனோ. தந்தையின் முகத்தையே அறியாது வளர்ந்த எழுபது, எண்பது வயதுப் பிள்ளைகளும் அவருள் உண்டு. உறைக்குள் இருப்பவை எளிய பொருள்கள்: நின்றுபோன கடிகாரம், மோதிரம், பணமற்ற பணப்பை, சீப்பு, அடையாள அட்டை, மடித்து மடித்து நைந்த ஒரு கடிதம், எவரென்று தெரியாத ஒரு பெண்ணின் படம்.

ஏறத்தாழ 2,000 உறைகளுக்கு உரியோர் இன்னும் கிடைக்கவில்லை. அவை பெயர் எழுதிய நிலையிலேயே அங்கு வைக்கப்பட்டுள்ளன.